எல்ஆர் முதல் பிஓடி வரை: லாரி ஆபீஸுக்குச் சொந்த மென்பொருள் (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை பெங்களூரு, ஓசூர் வட்டாரத்து லாரி நிறுவனங்களில் வேலை பார்க்கும் வாசகர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்ஆர் என்பது சரக்கை வாங்கிக்கொண்டதற்கு லாரி ஆபீஸ் போடும் ரசீது. பிஓடி என்பது சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான கையெழுத்துச் சான்று.

எங்களுக்குச் சொந்த லாரி 40. அதற்கு மேல் மாதம் நூறு, நூற்றிருபது மார்க்கெட் வண்டி (வெளியாரிடம் வாடகைக்கு எடுப்பது) பிடிக்கிறோம். ஆறு கிளைகள். புக்கிங் எக்செலில், கணக்கு டாலியில், மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில். இரண்டு டெவலப்பர்களை வேலைக்கு வைத்துச் சொந்தமாக மென்பொருள் எழுதுவது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் மேப்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். அது சரியா?
– போக்குவரத்து மேலாளர், யஷ்வந்தபுரம்

வேண்டாம். வண்டி எங்கே என்பதை ஜிபிஎஸ் கருவி விற்றவரின் ஆப்பே காட்டிவிடும். அதையே மறுபடி எழுத மூன்று மாதம் போனால், மூன்று மாதம் கழித்தும் உங்கள் பில் எக்செலில்தான் போகும். உங்கள் தொழிலில் பணம் மாட்டிக்கொள்வது மேப்பில் அல்ல, காகிதத்தில். எந்த எல்ஆருக்கு பிஓடி வரவில்லை, எந்த பிஓடிக்கு பில் போடவில்லை, எந்த வண்டிக்காரருக்கு எவ்வளவு பாக்கி: இந்த மூன்றையும் திரையில் காட்டும் மென்பொருள்தான் முதலில் வேண்டும்.

டெவலப்பர்கள் கீபோர்டைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் புக்கிங் கவுன்டரில் உட்காரட்டும். ஒரு எல்ஆர் கிழிக்கப்படும் நிமிடத்திலிருந்து அதற்கான பணம் வங்கியில் விழும் நாள் வரை என்னென்ன காகிதம் பிறக்கிறது, யார் கையில் போகிறது என்று எழுதட்டும். எல்ஆர் நான்கு பிரதி, லாரி ஹையர் சலான் (வண்டிக்காரரோடு பேசிய வாடகைச் சீட்டு), டிரிப் ஷீட், இறக்கிய இடத்தின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிஓடி, கடைசியில் பில். இந்த வரிசைதான் உங்கள் மென்பொருளின் முதுகெலும்பு.

இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. எல்ஆர் அட்டவணையிலேயே 'லாரி எண்' என்று ஒரு கட்டம் வைத்துவிடுவது. ஃபுல் லோடு மட்டும் ஓட்டுகிறவரைக்கும் அது தாங்கும். பார்ட் லோடு (பலருடைய சரக்கை ஒரே வண்டியில் ஏற்றுவது) வந்ததும் உடையும். பீன்யாவில் 60 பெட்டிக்கு ஒரு எல்ஆர் போடுகிறீர்கள் என்று வையுங்கள். இன்றைய வண்டியில் இடம் 38 பெட்டிக்குத்தான். மீதி 22 நாளை போகிறது. சேலத்தில் இறக்கி, கோவை வண்டிக்கு மாற்றுகிறார்கள். ஒரே எல்ஆருக்கு மூன்று வண்டி. கட்டம் ஒன்றே ஒன்று என்றால் கடைசி வண்டி எண் முந்தைய இரண்டையும் அழித்துவிடும். நான்கு பெட்டி குறைகிறது என்று பார்ட்டி (சரக்குக்கார வாடிக்கையாளர்) சொல்லும்போது, அவை எந்தக் கையில் குறைந்தன என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

எல்ஆர் ஒரு அட்டவணை, டிரிப் ஒரு அட்டவணை, இரண்டையும் இணைக்கும் ஏற்றுப் பட்டியல் மூன்றாவது அட்டவணை. எந்த எல்ஆரில் எத்தனை பெட்டி, எந்த டிரிப்பில், எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, இறங்கும்போது எண்ணிக்கை எவ்வளவு என்பது அந்த மூன்றாவதில் நிற்கும். ஏற்றிய எண்ணிக்கையும் இறக்கிய எண்ணிக்கையும் தனித்தனி எண்களாக இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டிரிப் மூடக் கூடாது.

இரண்டாவது தவறு பிஓடியில் நடக்கிறது. குடோன்காரர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பின்பக்கத்தில் பேனாவால் '2 பெட்டி ஈரம்' என்று எழுதிக் கொடுக்கிறார். உங்கள் கிளார்க் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து 'டெலிவரி ஆயிற்று' என்று பொத்தானை அழுத்துகிறார். ஒன்றரை மாதம் கழித்து பார்ட்டி பில்லில் பிடித்தம் செய்யும்போதுதான் அந்த ஈரம் வெளியே வருகிறது. அதற்குள் மார்க்கெட் வண்டிக்காரருக்குப் பாக்கி முழுவதும் போயிருக்கும். ஆகவே பிஓடித் திரையில் இரண்டு படம் கட்டாயம், முன்னும் பின்னும். 'முழுமையாகச் சேர்ந்தது', 'குறைவு', 'சேதம்' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் சேமிக்க முடியக் கூடாது. குறைவோ சேதமோ என்றால் எண்ணிக்கை கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கை பதிவான உடனே வண்டிக்காரரின் பாக்கி தானாக நிறுத்தப்பட வேண்டும்.

இன்னும் மூன்று சிறு விஷயம். எல்ஆர் எண்களைக் கிளைவாரியாக முன்கூட்டியே பிரித்துக் கொடுங்கள். இணையம் போனாலும் கிளை புக்கிங் போட முடியும், இரண்டு கிளைக்கு ஒரே எண் விழாது. ஜிஎஸ்டி பில் எண் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், வரிசை அறுபடக் கூடாது. கிளைக் குறியீடு, வருடம், வரிசை எண் எல்லாம் சேர்த்து இப்போதே எண்ணிப் பாருங்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகவே சேமியுங்கள். தசமப் புள்ளியை நம்பினால் மாதக் கடைசியில் டாலியோடு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இடிக்கும். அதைத் தேடுவதில் கணக்குப்பிள்ளையின் ஒரு நாள் போய்விடும்.

சென்னைக்குப் போன வண்டியை வாலாஜா பக்கம் நிறுத்தினார்கள். இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி போர்ட்டலில் எடுக்கும் சீட்டு) காலாவதி ஆகிவிட்டது என்றார்கள். எங்கள் மென்பொருளில் இன்னும் இரண்டு நாள் இருப்பதாகக் காட்டியது. தூரம் 350 கிலோமீட்டர்தான். எங்கே பிசகியது?
– புக்கிங் பிரிவு, பொம்மசந்திரா

உங்கள் மென்பொருள் பெரிய லாரி கிளம்பிய நாளிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். அரசு போர்ட்டல் அப்படி எண்ணாது. இ-வே பில்லில் வண்டி விவரம் போடும் பகுதி பி-யில் முதல்முறை வண்டி எண் ஏறிய கணத்திலிருந்தே கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் நடப்பது இது. வெள்ளிக்கிழமை பார்ட்டியின் ஆட்கள் தொழிற்சாலையிலிருந்து உங்கள் குடோனுக்குச் சரக்கு கொண்டுவரும் சிறு வண்டியின் எண்ணைப் பகுதி பி-யில் போட்டுவிடுகிறார்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 350 என்றால் இரண்டு நாள். வண்டி எண் போட்ட தேதிக்கு மறுநாள் நள்ளிரவோடு முதல் நாள் முடியும். ஆக, வெள்ளிக்கிழமைப் பில்லுக்கு முதல் நாள் சனி நள்ளிரவோடும், இரண்டாம் நாள் ஞாயிறு நள்ளிரவோடும் முடிந்துவிடும். உங்கள் லாரி திங்கள் இரவு கிளம்பும்போது பில் ஏற்கெனவே செத்துவிட்டது. வண்டி எண்ணை மாற்றிப் போட்டீர்களே என்றால், மாற்றினால் கெடு நீளாது. பல பில்களைச் சேர்த்துப் போடும் ஒருங்கிணைந்த இ-வே பில்லுக்கும் தனிக் கெடு கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லின் கெடுவும் அதனதன்படிதான்.

மாநிலத்துக்குள்ளேயே, அனுப்புநர் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட் குடோன் வரை 50 கிலோமீட்டருக்குள் என்றால் பகுதி பி-யில் வண்டி எண் தேவையே இல்லை. பொம்மசந்திரா, ஜிகணிப் பார்ட்டிகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். உங்கள் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியை மட்டும் போட்டு அனுப்பட்டும், வண்டி எண்ணை நீங்கள் போடுங்கள். புக்கிங் திரையிலும், இ-வே பில் எண்ணை அடித்ததும் அதில் உங்கள் ஐடி இருக்கிறதா என்று சரிபார்க்கும்படி எழுதுங்கள். இல்லாவிட்டால் நடுவழியில் நீங்கள் நீட்டிக்கப் போனால் போர்ட்டல் விடாது.

மென்பொருளில் திருத்த வேண்டியது ஒன்றுதான். கெடுவை நீங்களே கணக்கிடாதீர்கள். ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) வழியே போர்ட்டல் திருப்பித் தரும் கெடு தேதியை அப்படியே சேமியுங்கள். பகுதி பி மாறும் ஒவ்வொரு முறையும் அதையே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை எப்போது வர வேண்டும்? கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். கெடு எப்போதும் நள்ளிரவில் முடிவதால் அந்த வாய்ப்பு மாலை 4 மணிக்குத் திறந்து மறுநாள் காலை 8 மணிக்கு மூடும். உங்கள் எச்சரிக்கை சரியாக மாலை 4 மணிக்கு, ஆபீஸில் ஆள் இருக்கும்போதே அடிக்கட்டும். ஞாயிறு முடியும் பில்களின் பட்டியல் சனிக்கிழமை மதியமே முறை ஆளின் கைப்பேசிக்குப் போய்விட வேண்டும். நீட்டிக்கும்போது காரணம், வண்டி நிற்கும் இடம், மீதித் தூரம் எல்லாம் கேட்கும். ஜிபிஎஸ்ஸிலிருந்து இடத்தை எடுத்துத் திரையில் நிரப்பிக் கொடுத்தால் வேலை அரை நிமிடம். வரி உள்ள சரக்கு பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து விடுவிப்பதற்கே வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அதனால்தான் மேப்புக்கு முன்னால் இதை எழுதச் சொல்கிறோம்.

பஞ்சு, பிளாஸ்டிக் சாமான் மாதிரி கனமில்லாத சரக்கே எங்களிடம் அதிகம். கன அளவு எடையை மென்பொருளில் எப்படிப் போடுவது?
– பார்ட் லோடு நிறுவனம், பீன்யா

60, 45, 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 1,08,000 கன சென்டிமீட்டர். ஒரு கன அடிக்கு 28,317. ஆக 3.81 கன அடி. கன அடிக்கு 8 கிலோ என்று ஒப்பந்தம் இருந்தால் ஒரு பெட்டி 30.5 கிலோ. தராசில் அது 18 கிலோதான் இருக்கலாம். எது அதிகமோ அதற்குத்தான் வாடகை.

அந்த 8 என்ற எண்ணை நிரலுக்குள் எழுதிவிடாதீர்கள். ஒரு பார்ட்டிக்கு 6, இன்னொருவருக்கு 10 என்று இருக்கும். அது வாடகை ஒப்பந்தத்தோடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற குறிப்போடு நிற்க வேண்டும். பழைய விலையின் மேல் புதிய விலையை எழுதாதீர்கள். பழையதை மூடிவிட்டுப் புதிய வரி சேருங்கள். இல்லையென்றால் போன மாதத்து எல்ஆருக்கு இந்த மாதம் பில் போடும்போது தப்பான விலை விழும்.

ரவுண்டு செய்வது எங்கே என்பதையும் பார்ட்டியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன பெட்டி 50 என்றால், பெட்டிக்குப் பெட்டி 31 ஆக்கினால் 1,550 கிலோ. மொத்தத்தில் ஆக்கினால் 1,526. இந்த 24 கிலோவுக்காகத்தான் பில் திரும்பி வரும்.

ஜிபிஎஸ் காட்டும் கிலோமீட்டர் வண்டி மீட்டரோடு ஒத்துப்போவதில்லை. நின்ற வண்டியும் ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டுகிறது. இதை வைத்து எப்படி டீசல் கணக்குப் பார்ப்பது?
– ஃப்ளீட் பிரிவு, நெலமங்களா

நிற்கும் வண்டியின் புள்ளியும் சில மீட்டர் அங்கும் இங்கும் அலையும். 30 வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் ஒரு வண்டிக்கு நாளைக்கு 2,880. அந்தச் சின்னச் சின்ன அலைச்சலை எல்லாம் கூட்டினால் நீங்கள் சொன்ன கிலோமீட்டர் வந்துவிடும். இக்னிஷன் அணைந்திருக்கும்போதும், வேகம் மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும்போதும் வரும் புள்ளிகளைத் தூரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிக்னல் இல்லாத காட்டுப் பாதையில் கருவி புள்ளிகளைத் தன்னிடம் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும். வந்துசேர்ந்த நேரப்படி அடுக்கினால் வண்டி முன்னும் பின்னும் பாய்ந்த மாதிரி இருக்கும். கருவி பதிந்த நேரப்படி அடுக்குங்கள். 40 வண்டிக்கு நாளைக்கு 1,15,200 வரி சேரும், மாதத்துக்கு ஏறத்தாழ 34.5 லட்சம். ஆகவே இந்த அட்டவணையை முதல் நாளிலிருந்தே மாதவாரியாகப் பிரித்து வையுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் பழையதைச் சுருக்கி ஒதுக்குங்கள். எல்ஆர் அட்டவணை இருக்கும் அதே தரவுத்தளத்தில் இதைக் கொட்டினால் புக்கிங் திரைதான் முதலில் திணறும்.

குடோனைச் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டு 'வந்தது, போனது' என்று பதிவு செய்கிறவர்கள் துமகூரு சாலையில் ஏமாறுவார்கள். கீழே சர்வீஸ் ரோட்டில் குடோன், மேலே மேம்பாலம். மேலே கடந்து போகும் வண்டியையும் 'வந்துவிட்டது' என்று பதிவு செய்துவிடும். வட்டத்துக்குப் பதில் குடோன் மதிலைப் பின்பற்றிக் கோடு வரையுங்கள். உள்ளே பத்து நிமிடம் நின்றால்தான் வருகை என்று வையுங்கள். ஹால்டிங் சார்ஜ் (வண்டி காத்து நின்றதற்கான கட்டணம்) கேட்கும்போது இந்தப் பதிவுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

டீசலுக்கு ஜிபிஎஸ் தூரத்தைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரம்ப அடித்து, அடுத்த முறை நிரம்ப அடிக்கும்வரை ஓடிய தூரத்தை இரண்டாவது முறை விழுந்த லிட்டரால் வகுப்பதே நம்பகமானது. 1,040 கிலோமீட்டர், 260 லிட்டர் என்றால் லிட்டருக்கு 4. பாதி டேங்க் அடித்த ரசீதை வைத்து மைலேஜ் போட்டு டிரைவரின் கணக்கில் பிடித்தம் செய்யாதீர்கள். அந்த எண்ணில் உண்மை இல்லை.

டிரைவர்களுக்காக ஆப் செய்தோம். யாரும் திறப்பதில்லை. திறந்தவர்களும் ஒரே பிஓடியை மூன்று முறை அனுப்புகிறார்கள்.
– ஹப் பொறுப்பாளர், ஹொசகோட்டே

திறப்பதில்லை என்றால் அதில் டிரைவருக்கு வேலை இல்லை என்று பொருள். தன் படிக்காசு, அட்வான்ஸ், பாக்கி எவ்வளவு என்று முதல் திரையிலேயே தெரிந்தால் அவரே தினம் திறப்பார். பொத்தான் நான்கு போதும்: ஏற்றியாயிற்று, வந்துசேர்ந்தேன், பிஓடி, செலவு. தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் படமும் இருக்கட்டும்.

மூன்று முறை வருவதற்கு டிரைவர் காரணமல்ல. குடோனுக்குள் சிக்னல் இல்லை, பொத்தான் சுழன்றுகொண்டே இருக்கிறது, அவர் மறுபடி அழுத்துகிறார். பொத்தானை அழுத்தியதும் பதிவை கைப்பேசியிலேயே சேமித்து 'சேமித்தாயிற்று, சிக்னல் வந்ததும் போகும்' என்று உடனே காட்ட வேண்டும். ஒவ்வொரு பிஓடிக்கும் கைப்பேசியே ஒரு தனி அடையாள எண் கொடுக்கட்டும். மறுமுயற்சியிலும் அதே எண்தான் போக வேண்டும். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே வாங்கியிருந்தால் புதிதாகப் பதியாமல் 'சரி' என்று மட்டும் சொல்லட்டும்.

படத்தை 4 எம்பியாக அனுப்ப வேண்டாம். நீளப் பக்கம் 1,600 பிக்சலுக்குச் சுருக்கினால் சில நூறு கேபியில் அடங்கும், முத்திரையும் கையெழுத்தும் படிக்க முடியும். பேனா எழுத்து தெரியாத அளவுக்குச் சுருக்கினால் அது பிஓடியே அல்ல.

மார்க்கெட் வண்டிக்குக் கணக்கு முடிப்பதில்தான் தினமும் தகராறு. இதை மென்பொருளில் எப்படி வைப்பது?
– கணக்குப் பிரிவு, அத்திபெலே

ஒவ்வொரு ரூபாயும் தனி வரி. ஏறிய வரியைத் திருத்தவும் அழிக்கவும் யாராலும் முடியக் கூடாது. தப்பு என்றால் எதிர் வரி போட வேண்டும். பேசிய வாடகை 42,000. அட்வான்ஸ் 34,000. பாக்கி 8,000. இறக்குமிடத்தில் இரண்டு நாள் நின்றதற்கு நாளைக்கு 1,500 வீதம் 3,000 சேர்க்க வேண்டும். குறைவுக்கு 600 கழிக்க வேண்டும். தர வேண்டியது 10,400. இந்த ஆறு எண்ணும், ஒவ்வொன்றுக்கும் யார் ஒப்புதல் கொடுத்தது என்பதும் வண்டிக்காரர் கைப்பேசிக்குச் செய்தியாகப் போனால் தகராறில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். பத்து வண்டிக்கு மேல் இல்லாத உரிமையாளர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்திருந்தால் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டியதில்லை. அந்த உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாக வாங்கும்படி மென்பொருளே கேட்கட்டும்.

வங்கிக் கணக்கு எண் மாற்றத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'அண்ணே, இந்தக் கணக்கில் போடுங்க' என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி மாற்றக் கூடாது. ஒருவர் மாற்ற வேண்டும், வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு ரூபாய் அனுப்பி வங்கி காட்டும் பெயரைப் பார்த்த பிறகே பெரிய தொகை போக வேண்டும்.

டாலியை விட்டுவிட்டுக் கணக்கையும் இதிலேயே எழுதிவிடலாமா? பழைய பத்து வருடத் தரவை என்ன செய்வது?
– பங்குதாரர், ஓசூர்

கணக்கை எழுதாதீர்கள். ஜிஎஸ்டி மாறும்போதெல்லாம் உங்கள் இரண்டு டெவலப்பர்களும் அதன் பின்னால்தான் ஓடுவார்கள். டாலி எக்ஸ்எம்எல் வடிவில் வவுச்சர்களை வாங்கிக்கொள்ளும், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில். தினம் இரவு பில்லையும் பணப்பட்டுவாடாவையும் அனுப்பினால் போதும். டாலியில் ஏறியதா என்ற பதிலை வாங்கி ஒவ்வொரு வரியிலும் குறித்துவையுங்கள்.

பழைய தரவை எக்செலிலேயே விடுங்கள். மூடாத டிரிப், பில் போடாத எல்ஆர், தீராத பாக்கி மட்டும் ஏறட்டும். ஏப்ரல் 1 அன்று, எண் வரிசை புதிதாகும் நாளில், ஒரே ஒரு கிளையில் தொடங்குங்கள். ஒரு மாதம் காகிதமும் கூடவே ஓடட்டும்; தினம் சாயங்காலம் எல்ஆர் எண்ணிக்கையையும் வாடகை மொத்தத்தையும் இரண்டிலும் ஒத்துப் பாருங்கள்.

நிரலும் கிளவுட் கணக்கும் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், டெவலப்பரின் சொந்தக் கணக்கில் அல்ல. மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் முழுவதையும் எழுப்பிப் பாருங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று கணக்கில் எடுக்க முடியாது.

ஒரே வண்டி எங்கள் பட்டியலில் நான்கு முறை இருக்கிறது.
– புக்கிங் கிளார்க், கலாசிபாளையம்

இடைவெளி, கோடு, பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து: இவைதான் காரணம். ஒருவர் டிஎன் 28 என்று இடைவெளி விட்டும், இன்னொருவர் கோடு போட்டும், மற்றவர் சேர்த்தும் அடிப்பார். சேமிக்கும்முன் எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை நீக்கி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குங்கள். கடைசி நான்கு இடங்களில் எண் மட்டுமே இருக்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள். புதிய வண்டி என்றால் ஆர்சி படம் இல்லாமல் சேர்க்க விடாதீர்கள். சரக்குப் போக்குவரத்துத் தரவுகளைத் தரும் மத்திய அரசின் யூலிப் தளத்தில் பதிந்துகொண்டால் வாகன் என்ற அரசு வண்டிப் பதிவேட்டிலிருந்து வண்டி விவரத்தை ஏபிஐ வழியே வாங்கிச் சரிபார்க்கலாம். எஃப்சி, இன்சூரன்ஸ், பெர்மிட் முடியும் தேதிகளும் அதோடு வந்துவிடும். முடிந்த தேதி இருந்தால் அந்த வண்டிக்கு ஏற்றுப் பட்டியல் திறக்கவே கூடாது.